வீட்டில் ஈரப்பதமூட்டி: வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை, வாங்கிய பின் செய்ய வேண்டியவை

மேசை மீது வைத்தால் வெண்புகைபோல் குளிர்ந்த பனியைக் கக்கும் சிறு கருவியை இப்போது பல வீடுகளில் காண முடிகிறது. பேரங்காடி முதல் பாசார் மாலாம் வரை எங்கும் கிடைக்கிறது. இணைய அங்காடியில் சில பத்து வெள்ளிக்கே வாங்கிவிடலாம். குழந்தைக்கு மூக்கடைப்பு, பெரியவருக்கு வறட்டு இருமல், அறையில் புகைமூட்ட வாடை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி வாங்குகிறார்கள். இந்தக் கருவியின் பெயர் ஈரப்பதமூட்டி. கடைகளில் ஹியூமிடிஃபையர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அவற்றுள் பெரும்பாலானவை மீயொலி அதிர்வால் இயங்கும் அல்ட்ராசோனிக் வகையைச் சேர்ந்தவை.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரமான நாடுகளில் இக்கருவி எல்லா வீட்டுக்கும் உகந்ததல்ல. உண்மையில் தேவைப்படும் வீட்டிலும், பராமரிப்பு சரியில்லாவிட்டால் நோயை விலைகொடுத்து வாங்கிய கதையாகிவிடும்.

கருவி வேலை செய்யும் விதம்

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நாணயம் அளவில் ஒரு சிறு தகடு இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது நொடிக்குச் சுமார் 17 லட்சம் முறை அதிரும். மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வு அது. அந்த வேகத்தில் தண்ணீர் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறுகிறது. உள்ளே இருக்கும் சிறு விசிறி அத்துளிகளை மேலே தள்ளிவிடுகிறது. அதைத்தான் பனியாகப் பார்க்கிறோம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கெண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது அதிலுள்ள உப்பும் தாதுவும் கெண்டியிலேயே தங்கிவிடும். மீயொலிக் கருவியில் தண்ணீர் ஆவியாவதில்லை; உடைந்து துளியாகிறது. எனவே தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அத்தனையும் அந்தத் துளியோடு சேர்ந்து காற்றில் ஏறும். சுண்ணாம்பு இருந்தால் சுண்ணாம்பு, கிருமி இருந்தால் கிருமி, ஊற்றிய மருந்து இருந்தால் அந்த மருந்து. துளிகள் மிக நுண்ணியவை என்பதால் மூச்சோடு நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. இந்தக் கருவியைப் பற்றிய எச்சரிக்கைகள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்துதான் பிறக்கின்றன.

நம் வீட்டுக்கு இது தேவையா?

காற்றின் ஈரப்பதத்தை விழுக்காட்டில் சொல்வார்கள். வீட்டுக்குள் 30 முதல் 50 விழுக்காடு வரை இருப்பது நல்லது, 60க்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டி. நம் நாட்டில் வெளிக்காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70க்கு மேல்தான் இருக்கும். இரவிலும் மழைக்குப் பின்னும் 90ஐத் தாண்டும்.

தோட்டப்புற வீடுகளிலும், சன்னலைத் திறந்து வைத்து விசிறியில் படுக்கும் வரிசை வீடுகளிலும் வெளிக்காற்றும் உள்காற்றும் ஒன்றுதான். அங்கே ஈரம் கூட்டும் கருவிக்கு வேலையே இல்லை. ஏற்கெனவே பலகைச் சுவரிலும் அலமாரியின் பின்புறத்திலும் பூஞ்சை படரும் வீட்டில் அதை ஓடவிட்டால் பூஞ்சை இன்னும் பெருகும். மெத்தை, தலையணை, மெத்தை நாற்காலி ஆகியவற்றில் வாழும் தூசிப் பூச்சிகளும் ஈரக்காற்றில்தான் செழிக்கும். பூஞ்சையும் தூசிப் பூச்சியும் ஆஸ்துமாவைத் தூண்டுபவை. பிள்ளையின் இளைப்புக்காக வாங்கிய கருவியே இளைப்பைக் கூட்டிவிடலாம்.

இரவு முழுவதும் குளிரூட்டி ஓடும் அறையின் நிலை வேறு. குளிரூட்டி காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. வீட்டுக்கு வெளியே குழாயில் சொட்டும் தண்ணீர் அறையிலிருந்து வந்த ஈரம்தான். மூடிய அறையில் குளிரூட்டியை மிகக் குறைந்த வெப்பநிலையில் வைத்துப் படுப்போருக்கு விடியற்காலையில் தொண்டை வறளலாம், உதடு வெடிக்கலாம், மூக்குக்குள் பொருக்குக் கட்டலாம். தோல் அழற்சி உள்ள பிள்ளைகளுக்கு அரிப்பு கூடலாம்.

அப்போதும் செலவில்லாத வழியை முதலில் முயல்வது நல்லது. குளிரூட்டியை 24 அல்லது 25 பாகையில் வைக்கலாம். அதன் காற்று முகத்தில் நேராகப் படாதபடி திருப்பலாம். சில மணி நேரத்தில் தானாக நிற்கும்படி நேரம் குறித்துவிடலாம். குளிரூட்டியின் வடிகட்டி வலையைக் கழுவலாம். இவற்றைச் செய்தும் வறட்சி தீராவிட்டால் மட்டுமே ஈரப்பதமூட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். குளிரூட்டி ஓடும் அறையில் கருவி கக்கும் ஈரத்தின் ஒரு பகுதியை அதே குளிரூட்டி உறிஞ்சி வெளியே சொட்ட விட்டுவிடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

காற்று வறண்டிருக்கிறதா இல்லையா என்பதை உடம்பு சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. தொண்டை கரகரப்புக்கு ஒவ்வாமை, சளி, வயிற்று அமிலம் என வேறு காரணங்களும் உண்டு. ஈரப்பதமானி என்னும் சிறு கருவி மலிவு விலையில் கிடைக்கிறது. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்தே காட்டும். அதைக் கட்டிலுக்கு அருகில், குளிரூட்டிக் காற்று நேரடியாகப் படாத இடத்தில் வைத்து, சில நாள்களுக்கு இரவிலும் விடியற்காலையிலும் குறித்து வர வேண்டும். 40க்குக் கீழே இறங்கினால் ஈரம் கூட்டுவதில் பொருள் உண்டு. 50க்கு மேல் இருந்தால் தேவையில்லை. 60ஐத் தாண்டினால் வாங்க வேண்டியது ஈரத்தைக் குறைக்கும் கருவி.

மலிவான ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். போத்தல் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, கூழ் பதத்துக்கு வரும்படி சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஒன்றாக வைத்து மூடி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் 75 விழுக்காட்டை ஒட்டிக் காட்டினால் கருவி சரி. 80 என்று காட்டினால் அது 5 கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டு கழித்துக்கொள்ளலாம்.

பெயர்க் குழப்பம் வேண்டாம்

கடையில் ஒரே தட்டில் அடுக்கி வைத்திருக்கும் பல கருவிகளின் வேலை வெவ்வேறு.

ஈரப்பதமூட்டி காற்றில் ஈரம் சேர்க்கும். ஈரப்பதம் நீக்கி காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும்; துணி காயாத, பூஞ்சை பிடிக்கும் வீட்டுக்கு ஏற்றது. காற்றுத் தூய்மிப்பான் தூசியையும் புகையையும் வடிகட்டும். நறுமணப் பரப்பி வாசனை எண்ணெயை அறையில் பரப்பும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை மூச்சில் ஏற்றும் நெபுலைசர் தனி மருத்துவக் கருவி. அதற்குப் பதிலாக ஈரப்பதமூட்டியில் மருந்தை ஊற்றுவது ஆபத்து.

புகைமூட்டக் காலத்தில் இந்தக் குழப்பம் அதிகமாகிறது. 2015, 2019 ஆண்டுகளில் கடும் புகைமூட்டம் சூழ்ந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஈரப்பதமூட்டி புகைத்துகளை வடிகட்டாது. குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டால் தன் பங்குக்கு நுண்துகளைக் காற்றில் சேர்க்கவும் செய்யும். காற்றுத் தூய்மிப்பானை இதன் அருகில் வைத்தால் அதன் விளக்கு சிவப்பாக மாறுவது இதனால்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதல் தகுதி, தொட்டியின் வாய் அகலமாக இருப்பது. கையை உள்ளே விட்டு மூலை முடுக்கு எல்லாம் தேய்க்க முடிய வேண்டும். குறுகிய வாய் உள்ள தொட்டி அழகாக இருந்தாலும் கழுவ வழியில்லை. மேலிருந்து தண்ணீர் ஊற்றும் வகை வசதியானது. தொட்டியைக் கவிழ்த்துத் தூக்கும் சிரமம் இல்லை, வயதானவர்களுக்கும் எளிது.

அடுத்தது கொள்ளளவு. தொட்டியின் அளவை, மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் பனி வெளியாகிறது என்ற எண்ணால் வகுத்தால் எத்தனை மணி நேரம் ஓடும் என்று தெரியும். 3 லிட்டர் தொட்டி, மணிக்கு 250 மில்லிலிட்டர் என்றால் 12 மணி நேரம். ஒரு படுக்கையறைக்கு 2 முதல் 4 லிட்டர் தொட்டி போதும். யுஎஸ்பி கம்பியில் ஓடும் குவளை அளவுக் கருவிகள் மேசைக்கு மட்டுமே, அறைக்குக் காணாது. அவற்றுள் பல, பஞ்சுக் குச்சி வழியாகத் தண்ணீரை உறிஞ்சுபவை. எந்நேரமும் நனைந்தே கிடக்கும் அந்தப் பஞ்சில் கிருமி எளிதில் குடியேறும். அடிக்கடி மாற்ற மனமில்லாதவர்கள் அவ்வகையை வாங்காமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது, தண்ணீர் தீர்ந்ததும் தானாக நிற்கும் வசதி. வெறுந்தொட்டியில் ஓடினால் தகடு கெட்டுவிடும். நான்காவது, குறித்த ஈரப்பதத்தை எட்டியதும் நின்றுவிடும் கட்டுப்பாடு. நம் தட்பவெப்பத்தில் இது ஆடம்பரம் இல்லை, அவசியம். இல்லாவிட்டால் நள்ளிரவில் யாராவது எழுந்து நிறுத்த வேண்டியிருக்கும்.

மின்பாதுகாப்பிலும் கவனம் வேண்டும். மூன்று முள் பிளக்கும் அடாப்டரும் தரமானவையா என்று பார்க்க வேண்டும். மலேசியாவில் சிரிம் முத்திரையும் சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் பயனீட்டாளருக்கு உதவும் அடையாளங்கள். மாற்றுத் தகடு, வடிகட்டிக் குப்பி, தொட்டியின் ரப்பர் வளையம் ஆகியவை தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். மின்கட்டணம் பெரிய சுமை ஆகாது. 25 வாட் கருவி 8 மணி நேரம் ஓடினால் 0.2 யூனிட்தான்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவி விடும் வகையும் உண்டு. கிருமி குறைவு. ஆனால் மின்செலவு பல மடங்கு. குழந்தைகள் தட்டிவிட்டால் சுட்டுவிடும். ஈரத் திரி வழியாக விசிறி காற்றை ஊதும் வகையில் வெண்தூசி வராது. ஆனால் திரியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

என்ன தண்ணீர் ஊற்றுவது?

வடித்த நீர் அல்லது ஆர்ஓ முறையில் சுத்திகரித்த நீர் சிறந்தது. குழாய்த் தண்ணீரை ஊற்றினால் சில நாள்களில் தொலைக்காட்சித் திரையிலும் கறுப்பு மேசையிலும் வெண்மாவுபோல் படியும். தண்ணீரிலிருந்த தாதுதான் அது. திரையில் படிவது மூச்சிலும் போயிருக்கும்.

கடையில் போத்தல் வாங்குவோர் மூடியின் நிறத்தைப் பார்க்கலாம். மலேசியாவில் வெள்ளை மூடிப் போத்தலில் இருப்பது சுத்திகரித்த குடிநீர். நிற மூடிப் போத்தலில் இருப்பது தாது கலந்த இயற்கைக் கனிம நீர். ஈரப்பதமூட்டிக்குக் கனிம நீர் கூடாது.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கிருமி சாகும், தாது போகாது. கரி வடிகட்டியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. அது குளோரின் வாடையை நீக்கும், தாதுவை நீக்காது. குளோரின் போய்விட்டதால் அந்தத் தண்ணீர் தொட்டியில் இன்னும் சீக்கிரம் கெடும். கிணற்று நீர், ஆற்று நீர், கூரையில் பிடித்த மழைநீர் எதுவும் ஆகாது. குளிரூட்டிக் குழாயில் சொட்டும் நீர் வடித்த நீர்தானே என்று சிலர் பிடித்து ஊற்றுவதுண்டு. அதில் தாது இல்லை என்பது உண்மை. ஆனால் அழுக்கேறிய சுருளிலும் தட்டிலும் வழிந்து வந்த நீர் அது. அதையும் தவிர்க்க வேண்டும்.

தொட்டியில் சேர்க்கக் கூடாதவை

தண்ணீரைத் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. யூகலிப்டஸ் தைலம், கோடாலித் தைலம், கற்பூரம், பன்னீர், துளசி நீர், உப்பு எதுவானாலும் சரி. எண்ணெய் பிளாஸ்டிக்கை அரிக்கும், தகட்டை மூடும். அதைவிட முக்கியம், கற்பூரமும் மெந்தாலும் கைக்குழந்தைகளின் மூச்சுக்கு ஆகாதவை. வாசனை வேண்டுமானால் அதற்கென்று தனித் தட்டு உள்ள கருவியில், கைக்குழந்தை இல்லாத அறையில் பயன்படுத்தலாம்.

கிருமிநாசினி கலந்து ஓடவிடுவது இவை எல்லாவற்றிலும் கொடிது. அதற்குத் தென் கொரியா கண்ட பேரிழப்பே சான்று. அங்கே 1994 முதல் ஈரப்பதமூட்டித் தொட்டியில் ஊற்றும் கிருமிநாசினிகள் கடைகளில் விற்கப்பட்டன. தொட்டி சுத்தமாக இருக்கும், குழந்தைக்கு நல்லது என்று நம்பிக் குடும்பங்கள் வாங்கின. 2011இல் கர்ப்பிணிகளும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களும் காரணம் தெரியாத கடும் நுரையீரல் நோயுடன் மருத்துவமனைக்கு வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பிஎச்எம்ஜி முதலிய இரசாயனங்கள் பனியோடு நுரையீரலுக்குள் சென்று அதை இறுகச் செய்திருந்தன. அதே ஆண்டு அப்பொருள்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. ஆயிரக்கணக்கானோரை அந்நாட்டு அரசாங்கம் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றுக்கொண்டுள்ளது. இறந்தவர்களில் பச்சிளங்குழந்தைகளும் உண்டு. தோலில் பட்டால் ஒன்றும் செய்யாத பொருள் மூச்சில் போனால் உயிரைப் பறிக்கலாம் என்பது அங்கே கிடைத்த பாடம்.

கிருமி மிகுந்த தண்ணீரும் ஆபத்தானதே. 2008 டிசம்பரில் சைப்ரஸ் நாட்டின் மருத்துவமனை ஒன்றில், பிறந்த குழந்தைகள் இருந்த அறையில் வைத்த குளிர்பனி ஈரப்பதமூட்டி வழியாக லீஜியோனெல்லா கிருமி பரவியது. மூன்று குழந்தைகள் இறந்தன.

தினமும், வாரமும்

ஒவ்வொரு நாள் காலையிலும் பிளக்கைக் கழற்றிவிட்டு மிச்சத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். தொட்டியையும் அடிப்பகுதிப் பள்ளத்தையும் அலசித் துடைத்து, திறந்தபடி காயவிட வேண்டும். இரவில் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீர் ஊற்றி நிரப்பும் பழக்கம் கூடாது. தொட்டியைத் தொட்டால் வழவழப்பாக இருந்தாலோ இளஞ்சிவப்புப் படலம் தெரிந்தாலோ கிருமி குடியேறிவிட்டது என்று பொருள்.

வாரம் ஒரு முறை சுண்ணாம்புப் படிவை நீக்க வேண்டும். வெள்ளை வினிகரை அடிப்பகுதியில் தகடு மூழ்கும் அளவுக்கு ஊற்றி 15 முதல் 20 நிமிடம் விட்டு, பஞ்சுக் குச்சியாலோ மென்மையான தூரிகையாலோ துடைக்கலாம். கத்தி, ஊசி, இரும்பு நார் கொண்டு தகட்டைச் சுரண்டக் கூடாது. கீறல் விழுந்தால் பனி குறைந்துவிடும். அடிப்பகுதியைக் குழாயடியில் முக்கிக் கழுவவும் கூடாது. காற்று புகும் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் மின்பலகை கெடும்.

கிருமி நீக்கத்துக்கு மருந்தகத்தில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். தொட்டியின் உட்புறம் நனையும்படி ஊற்றிச் சில நிமிடம் விட்டு, பலமுறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வாடை சிறிதும் இல்லாத பிறகே கருவியை ஓட்ட வேண்டும். பிளீச் திரவத்தையும் வினிகரையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். தாது வடிகட்டிக் குப்பி உள்ள கருவியில், கையேட்டில் குறித்த காலத்தில் குப்பியை மாற்ற வேண்டும்.

எங்கே வைப்பது?

தரையில் வைத்தால் தரை நனைந்து வழுக்கும். இரண்டு மூன்று அடி உயர மேசையில், சுவரை விட்டுத் தள்ளி, கட்டிலிலிருந்து சில அடி தூரத்தில் வைக்கலாம். பனி முகத்தில் நேராகப் படக் கூடாது. மின்செருகி, தொலைக்காட்சி, புத்தக அலமாரி, சாமி படங்கள் இருக்கும் பக்கம் திருப்பக் கூடாது. சன்னல் கண்ணாடியில் நீர் பூத்தாலோ மேசை நனைந்தாலோ ஈரம் மிகுந்துவிட்டது. கருவியை நிறுத்த வேண்டும்.

ஏடிஸ் கொசுவை மறக்க வேண்டாம்

பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் பூச்சாடித் தட்டைக் கவிழ்த்து வைக்கின்றன. ஈரப்பதமூட்டியின் தொட்டியை நினைப்பவர் குறைவு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். 20 காசு நாணயம் அளவுத் தண்ணீரே அதற்குப் போதுமானது. முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிறகு தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தே எடுத்து வைக்க வேண்டும். மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழும், சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனையிலும், வீட்டுக்குள் கொசு உற்பத்தி இருந்தால் குடியிருப்போரே பொறுப்பு. குளிரூட்டித் தட்டுக்கும் ஈரப்பதம் நீக்கியின் வாளிக்கும் இது பொருந்தும்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

கருவி ஓடும் அறையில் இருக்கும்போது மட்டும் இருமல், இளைப்பு, காய்ச்சல், உடல்வலி வந்து, வெளியே போனால் குறைந்தால் கருவியை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். அசுத்தமான பனியால் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி ஏற்படுவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாங்கும் முன்பே சுகாதாரக் கிளினிக்கிலோ பலதுறை மருந்தகத்திலோ கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காற்று வறட்சிதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது. சளிச் சோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் தேவையா என்று மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை அது.

தினமும் கொட்டிக் கழுவிக் காயவைக்க ஐந்து நிமிடம் ஒதுக்க முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டார் பேசி முடிவு செய்யலாம். முடியாது என்றால் குளிரூட்டியின் வெப்பநிலையை இரண்டு பாகை கூட்டிவிட்டு, படுக்கும் முன் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பதே பாதுகாப்பான வழி.